கோடிப் பேர் பேச்சின் கணக்கு

ஜப்பானில் பூமி ஆடுவது அதிசயமான சம்பவமன்று. ஆனால், பூமி ஆடின மறுகணமே கைத்தொலைபேசியை எடுத்து, "ஆடுகிறது!" என்று ஊருக்கெல்லாம் தெரியும்படி ஒரு வரி எழுதிப்போடும் வழக்கம், 2006ஆம் ஆண்டில் ட்விட்டர் பிறந்த பிறகே உண்டாயிற்று. இந்தப் புதிய வழக்கத்தைக் கூர்ந்து கவனித்த டோக்கியோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்களான சகாகி, ஒகசாகி, மத்சுவோ என்னும் மூவர், இப்படி எழுதுகிற மனிதர் ஒவ்வொருவரையும் ஆங்காங்கே நட்டுவைத்த ஒரு பூகம்பமானியாகப் பாவித்துக்கொண்டு, அவர்கள் எழுதும் வரிகளிலிருந்தே பூகம்பம் நேர்ந்ததையும் அது நேர்ந்த இடத்தையும் கண்டறிய முடியுமா என்று ஆராய்ந்து, அதன் முடிவை 2010ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். சமூக ஊடகங்களில் ஜனங்கள் பேசுவதைச் சேகரித்து ஆராயும் இன்றைய சாஸ்திரத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைக்காட்டிலும் தெளிவான ஆரம்பப் பாடம் வேறில்லை என்றே நினைக்கிறேன்.

'பூகம்பம்' என்றும் 'ஆடுகிறது' என்றும் பொருள்படும் ஜப்பானியச் சொற்கள் வரும் பதிவுகளையெல்லாம் திரட்டுவது முதல் வேலை; அது சுலபமான வேலையும்கூட. ஆனால், பூகம்பத்தைப் பற்றிய மாநாட்டுக்குப் போகிறவரும் அந்தச் சொல்லை எழுதுவார். போன வருஷத்துப் பூகம்பத்தை நினைத்துக்கொள்கிறவரும் எழுதுவார். இவர்களை விலக்கி, இந்தக் கணத்தில் உண்மையாகவே அதிர்ச்சியை உணர்ந்தவரை மட்டும் தெரிந்தெடுக்க, முதலில் மனிதர்கள் உட்கார்ந்து ஒருசில நூறு பதிவுகளைப் படித்து 'இது மெய்', 'இது வேறு' என்று குறியிட்டார்கள். அந்தக் குறிகளைக் கொண்டு கணினி பயிற்சி பெற்றது. பதிவில் எத்தனை சொற்கள், தேடிய சொல் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்பவையே கணினிக்குக் காட்டப்பட்ட அடையாளங்கள். நிலம் ஆடும்போது எவரும் விஸ்தாரமாக எழுதுவதில்லை. ஆகவே பதிவின் சுருக்கமே ஒரு சாட்சியமாயிற்று. இவ்விதமாக வடிகட்டிய பின், எழுதியவர்கள் இருந்த இடங்களைக் கொண்டு பூகம்பத்தின் மையத்தைக் கணித்தார்கள். ஜப்பானிய வானிலை நிலையத்தின் அளவையில் 3ஆம் படியும் அதற்கு மேலும் உள்ள அதிர்ச்சிகளில் 96 சதவீதத்தை இம்முறை கண்டுபிடித்தது; எச்சரிக்கைச் செய்தியும் அரசாங்க ஒலிபரப்பைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தது.

இதன் வெற்றிக்குக் காரணம் கணிதத்தின் நுட்பம் மட்டுமன்று. பூகம்பம் பணக்காரர், ஏழை, படித்தவர், படியாதவர் என்று பாராமல் எல்லாரையும் ஒருசேர ஆட்டுகிறது. அவர்களில் சிலர் எழுதினாலும் அந்தச் சிலருடைய சாட்சியம் எல்லாருடைய அனுபவத்துக்கும் பொருந்துகிறது. பூகம்பத்தை விட்டுவிட்டு, 'இந்த நாட்டு மக்கள் இன்ன சட்டத்தை விரும்புகிறார்களா?' என்று அதே உபகரணத்தைக் கொண்டு கேட்போமானால், அந்தப் பொருத்தம் அக்கணமே அற்றுப்போகிறது. யார் பேசினார்கள், யார் பேசவில்லை, பேசியதில் எவ்வளவு நம் கைக்கு வந்தது, வரவிட்டவர் யார் என்ற நான்கையும் கேட்காமல் செய்யப்படும் எந்தக் கணக்கையும் நாம் ஏற்கலாகாது.

முதலில் கைக்கு வரும் விதத்தைப் பார்ப்போம். ஊடக நிறுவனங்கள் தங்கள் களஞ்சியத்துக்கு, மனிதர் நுழையும் வாசலைத் தவிர, நிரல்கள் நுழைவதற்கென்று ஒரு தனி வாசலையும் வைத்திருக்கின்றன. கணினித் துறையார் அதை 'ஏ.பி.ஐ.' என்பார்கள். ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் செய்து ஒரு ரகசியச் சாவியைப் பெற்றுக்கொள்கிறார்; அவர் எழுதிய நிரல் அந்தச் சாவியைக் காட்டி, 'இன்ன சொல் வரும் பதிவுகளை, இன்ன தேதியிலிருந்து தா' என்று கேட்கிறது; நிறுவனத்தின் கணினி, பதினைந்து நிமிஷத்துக்கு இத்தனை என்ற வரம்புக்கு உட்பட்டு, கட்டுக்கட்டாக எடுத்துக் கொடுக்கிறது. வாசல் இல்லாத இடத்திலோ அடைக்கப்பட்ட இடத்திலோ, நிரலானது ஒரு மனித வாசகரைப்போலப் பக்கத்தைத் திறந்து எழுத்துகளைச் சுரண்டி எடுப்பதும் உண்டு. 'ஸ்கிரேப்பிங்' எனப்படும் இந்த முறையைப் பற்றி, லிங்க்ட்இன் நிறுவனத்துக்கும் ஹைக்யூ என்ற சிறு நிறுவனத்துக்கும் அமெரிக்காவில் நெடுநாள் வழக்கு நடந்தது. எவரும் பார்க்கக்கூடிய பக்கத்திலிருந்து எடுப்பது கணினி மோசடிச் சட்டத்தின்கீழ் குற்றமாகாது என்னும் பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இலும் 2022இலும் சாய்ந்தது. ஆனால், நிறுவனத்தின் உபயோக நிபந்தனைகளை ஹைக்யூ மீறியது என்று அதே 2022இன் இறுதியில் கீழ் நீதிமன்றம் சொல்லிற்று. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் 2018 மே மாதம் அமலுக்கு வந்த தனியுரிமைச் சட்டம், தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தரவின் பிரதியைக் கேட்டு வாங்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளித்திருப்பதால், மனமுவந்த ஒருவர் தம்முடைய பிரதியை வாங்கி ஆராய்ச்சியாளரிடம் தானமாகக் கொடுத்துவிடலாம். இம்மூன்றில், பேசியவருடைய சம்மதத்தின்மேல் நிற்பது இந்தக் கடைசி வழி ஒன்றுதான். மெதுவானதும் செலவு மிகுந்ததும் அதுவே.

வாசல் வழியாகப் பெறுவது முழுமையானதா என்பது அடுத்த கேள்வி. ட்விட்டர் பல ஆண்டுகளாக மொத்தப் பதிவுகளில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கை ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாக ஓடவிட்டது. முழு ஓட்டத்தைப் பெறுவதற்கோ பெரும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மைதான். ஆனால், ஒரே அரிசி, ஒரே அடுப்பு, கிளறிவிட்ட பானை என்கிற மூன்றும் கூடியிருந்தால்தான் அது உண்மை. மோர்ஸ்டாட்டர், ப்ஃபெஃபர், லியு, கார்லி என்ற நால்வர், சிரியாவைப் பற்றிய பதிவுகளை 2011 டிசம்பர் மத்தியிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம் இலவச ஓட்டத்திலும் முழு ஓட்டத்திலும் ஒருசேரத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்து, 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு அநேகரைத் திடுக்கிட வைத்தது. எந்தக் குறிச்சொற்கள் ('ஹேஷ்டேக்') அதிகம் புழங்கின என்ற சாதாரணமான கேள்விக்குக்கூட, பட்டியல் சிறிதாயிருக்கும்போது, இலவச ஓட்டம் தந்த விடை நம்பத்தக்கதாக இல்லை; கண்ணை மூடிக்கொண்டு முழு ஓட்டத்திலிருந்து வாரி எடுத்த மாதிரி சில வேளைகளில் அதைவிட மேலாக இருந்தது. எப்படித் தெரிந்தெடுத்துக் கொடுத்தார்கள் என்பது அப்போது கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எண்ணிக்கையின் பெருக்கம் இந்தக் குறையைத் தீர்க்காது என்பதை உலகம் கணினிக்கு முன்பே கண்டிருக்கிறது. 1936ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் என்பவர் வெற்றி பெறுவார் என்று தீர்மானமாக அறிவித்தது. லாண்டன் இரண்டே மாநிலங்களில் ஜெயித்தார். ரூஸ்வெல்ட் மற்றெல்லாவற்றிலும் ஜெயித்தார். அட்டைகள் போன விலாசங்கள் பெரும்பாலும் தொலைபேசி வைத்திருந்தவர்கள், மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் ஆகியோருடையவை. பதில் எழுதியவர்களோ அவர்களுக்குள்ளும் எழுத விருப்பம் கொண்டவர்கள் மாத்திரமே. சமூக ஊடகத்தில் பதிவிடுகிறவர்களும் தாமாக முன்வந்து பதில் எழுதியவர்கள்தாம் என்பதை ஒரு கணமும் மறக்கலாகாது.

இனி, கைக்கு வந்ததை எடுத்துப் பார்ப்போம். வாசகர் கண்ணுக்கு ஒரு பதிவு என்பது ஓரிரண்டு வரி. ஆராய்ச்சியாளருடைய மேஜைக்கு அது வரும்போதோ, எழுதியவரின் கணக்கு என்று தொடங்கியது, பின்தொடர்வோர் எத்தனை பேர், எந்த மொழி, யாருக்குப் பதில், எத்தனை பேர் மறுபகிர்வு செய்தார்கள் என்று பல பத்து விவரங்களைச் சுமந்துகொண்டு வருகிறது. நேரம் நொடிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அது கிரீன்விச்சைத் தழுவிய சர்வதேச நேரம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையில் பெய்த பெருமழையை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றங்கரையில் வீடுகள் மூழ்கின. படகு வேண்டும், மருந்து வேண்டும், முதல் மாடியில் வயோதிகர் இருவர் இருக்கிறார்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ட்விட்டரில் எழுதினார்கள். தன்னார்வலர்கள் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, தங்குமிடங்களின் பட்டியலும் மூழ்கிய தெருக்களின் வரைபடமும் தயாரித்தார்கள். டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை இரண்டு மணிக்கு ஒருவர் எழுதிய அபயக்குரல், தரவில் டிசம்பர் 1ஆம் தேதி இரவு எட்டரை மணி என்று பதிவாகியிருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளாமல் நாள்வாரியாகக் கணக்கிட்டால், அந்த இரவின் கூக்குரல் முழுவதும் முந்தைய நாளின் கணக்கில் போய் விழுந்துவிடும்.

தமிழில் எழுதப்பட்டவற்றை ஆராயப் புகுகிறவருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று காத்திருக்கிறது. இதைச் சற்று விவரமாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கருவி செய்தவர்கள் நம் எழுத்தை நினைத்துச் செய்யவில்லை என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சான்று கிடையாது. பதிவுகளைச் சொல் சொல்லாகப் பிரிக்க, பைத்தான் என்ற நிரல்மொழியில் உலகெங்கும் புழங்கும் சைக்கிட்-லேர்ன் என்ற தொகுப்பு, 'எழுத்து' என்று தான் கருதுவனவற்றை மட்டும் சேர்த்து, ஓரெழுத்துத் துண்டுகளைக் கழித்துவிடுகிறது. நம்முடைய புள்ளியும் கொம்பும் காலும் அதன் கணக்கில் எழுத்தல்ல. ஆகையால் 'வெள்ளம்' என்ற சொல்லை அதனிடம் கொடுத்தால், கொம்பு கண்ட இடத்திலும் புள்ளி கண்ட இடத்திலும் வெட்டி, தனித்து நின்ற வகரத்தையும் ளகரத்தையும் எறிந்துவிட்டு, 'ளம' என்ற பொருளற்ற ஒரு துண்டைத் திருப்பித் தருகிறது. அப்படிச் சிதைந்த துண்டுகளை வைத்து எத்தனை அழகான வரைபடம் போட்டாலும் அதற்கு என்ன அர்த்தம் உண்டு? பிரிக்கும் விதியை நாமே எழுதிக் கொடுத்தால் இந்தப் பிழை தீரும். ஆனால் தீர்க்கவேண்டிய பிழை ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவோ தீர்ப்போம்! அது போக, 'கொ' என்ற எழுத்தில் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேமித்தவர் உண்டு, தனித்தனிக் குறிகளாகச் சேமித்தவரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, முன்கூட்டிச் சமன்செய்யாத கணினிக்கு இரண்டும் வேறு. 'வெள்ளம்' என்று தேடினால் 'வெள்ளத்தில்', 'வெள்ளத்தால்' என்று வேற்றுமை ஏற்றவை அகப்படமாட்டா. ரோமன் எழுத்தில் தமிழை எழுதுகிறவர்களுடைய பதிவுகளையும் சேர்த்துக்கொள்வோம் என்றாலோ, வெள்ளமும் வெல்லமும் அங்கே ஒரே எழுத்துக்கூட்டலாகிவிட, நிவாரணம் தேடிய வலையில் பொங்கல் பண்டமும் வந்து சேரும்.

எழுதியவருடைய மனோபாவத்தைக் கணிப்பது இதற்கு அடுத்த படி. சொற்களுக்கு முன்கூட்டியே நன்மை, தீமை என்று மதிப்பெண் கொடுத்து வைத்திருக்கும் அகராதிகள் ஆங்கிலத்தில் பல உண்டு. 2014இல் வெளிவந்த 'வேடர்' என்பது அவற்றுள் பிரசித்தமானது. இந்த முறை நம் இளைஞர்களின் நடைக்கு முன்னால் திகைத்து நிற்கும். "தலைவர் கிழிச்சிட்டார்" என்று ஒரு ரசிகர் எழுதினால், கிழித்தல் நாசம் என்று அகராதி முடிவு கட்டிவிடும். அவரோ உச்சிகுளிர்ந்து எழுதியிருக்கிறார். தமிழோடு ஆங்கிலத்தையும் பின்னி எழுதும் இத்தகைய நடையை அப்படியே ஏற்றுக்கொண்டு ஆராயவேண்டும் என்று பாரதி ராஜா சக்கரவர்த்தியும் அவருடைய சகாக்களும் யூடியூபில் தமிழ்த் திரைப்பட முன்னோட்டங்களின் கீழே ஜனங்கள் எழுதிய 15,000க்கும் மேற்பட்ட கருத்துகளைத் திரட்டி, தமிழறிந்தவர்களைக் கொண்டு ஒவ்வொன்றுக்கும் குறியிடச் செய்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஒரே கருத்தைப் படித்த குறியீட்டாளர்களுக்குள்ளேயே எல்லா இடத்திலும் ஒற்றுமை உண்டாகிவிடுவதில்லை. மனிதர்களே இணங்காத இடத்தில் கணினி எத்தனை சதவீதம் சரியாகச் சொல்லிற்று என்று பெருமை பேசும் விளம்பரங்களை, வாசகர்கள் நிதானித்தே படிக்கவேண்டும்.

என்ன பேசினார்கள் என்பதை விட்டு, யாரோடு யார் பேசினார்கள் என்பதை மட்டும் பார்க்கும் முறை வேறொன்று. அதன் மூலம் கணினியில் இல்லை. 1932ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில், ஒரு சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 சிறுமிகள் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போனார்கள். காரணம் தேடிய ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர், யாருக்கு யார் சிநேகிதி என்று கேட்டறிந்து, ஒவ்வொருத்தியையும் ஒரு புள்ளியாகவும் சிநேகத்தை ஒரு கோடாகவும் வரைந்து பார்த்தார். ஓடிப்போக வேண்டும் என்ற எண்ணம், தனித்தனி குணத்தைவிட அந்தக் கோடுகளின் வழியாகவே பரவியிருக்கிறது என்று கண்டார். பிரான்ஸில் பிறந்து இலவசமாகக் கிடைக்கும் 'கெஃபி' போன்ற மென்பொருள்கள் இன்று லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு அதே காரியத்தைத்தான் செய்கின்றன. வோசோகி, ராய், ஆரல் ஆகிய மூவர் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை இவ்வாறு கோடு பிடித்துப் பார்த்து, மெய்யைக் காட்டிலும் பொய் விரைவாகவும் தூரமாகவும் போயிற்று என்றும், இயந்திரக் கணக்குகளை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் மாறவில்லை என்றும் 2018இல் எழுதினார்கள். பொய்யைப் பரப்பியவர்கள் மனிதர்களே என்ற இந்த முடிவு கசப்பானது. ஆயினும் தரவு கைக்குக் கிடைத்ததால்தான் அந்தக் கசப்பை நாம் அறிந்துகொள்ள முடிந்தது.

திறந்த வாசலில் அபாயமும் நுழைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோகன் என்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரின் மனோதத்துவ வினாடிவினாச் செயலியை ஃபேஸ்புக்கில் ஏற்றுக்கொண்டவர்கள் சுமார் 2,70,000 பேர். அவர்களுடைய நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானவர்களின் விவரங்கள் வெளியேறி, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. நண்பன் கொடுத்த சம்மதம் என் சம்மதமாகாது. பொதுவில் எழுதப்பட்டது என்பதாலேயே ஒருவருடைய எழுத்து அவரை விட்டுப் பிரிந்துபோய்விடுவதில்லை; ஆதலால் நேர்மையான ஆராய்ச்சியாளர்கள் பெயரை நீக்குவதோடு நில்லாமல், தேடினால் அகப்பட்டுவிடக்கூடிய வாசகங்களை அப்படியே மேற்கோள் காட்டுவதையும் தவிர்க்கிறார்கள்; எழுதியவர் அழித்துவிட்ட பதிவைத் தங்கள் சேமிப்பிலிருந்தும் அழிக்கிறார்கள்.

ஆனால், அந்த அக்கிரமத்தைக் காரணமாகக் காட்டி அடைக்கப்பட்ட வாசல்கள், அக்கிரமம் செய்யாதவர்களுக்கும் சேர்த்தே அடைபட்டன. அடைத்ததில் பயம் பாதி, லாபம் பாதி என்பது என் அபிப்பிராயம். 2021 ஜனவரியில் ட்விட்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு மாதம் ஒரு கோடிப் பதிவுகளை, தொடக்க காலம் வரையிலான முழுக் களஞ்சியத்திலிருந்து, இலவசமாகக் கொடுத்தது. 2022 அக்டோபரில் நிறுவனம் எலான் மஸ்க் கைக்கு மாறிய பின், 2023இல் அந்த ஏற்பாடு ரத்தாகி, பெரிய அளவில் வேண்டுவோர் மாதத்துக்குப் பல்லாயிரம் டாலர் கட்டவேண்டியதாயிற்று. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பத்திரிகையாளர்கள் பார்த்துவந்த 'க்ரவுட்டாங்கிள்' என்ற கருவியை அதன் உடைமையாளரான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடிவிட்டு, விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள் மட்டும் புகக்கூடிய வேறொரு நூலகத்தை அதற்குப் பதிலாக வைத்தது. அனுமதித்தவர் கொடுக்கிற தரவும் சரியாயிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது: ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்களுக்கு அளித்த ஒரு பெருந்தொகுப்பில் அமெரிக்கப் பயனர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் விடுபட்டிருந்த செய்தி, அதை நம்பி ஆய்வுகள் நடந்த பிறகு, 2021இல்தான் வெளிப்பட்டது.

ஐரோப்பா இதற்குச் சட்டத்தின் வழியே பரிகாரம் தேடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் முழுமையாக அமலுக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் விதி, தகுதி பரிசீலிக்கப்பட்ட ஆராய்ச்சியாளருக்குத் தரவைத் திறந்துவிடும் கடமையை மிகப் பெரிய ஊடகங்கள்மேல் சுமத்துகிறது. அந்தக் கடமையோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விளையக்கூடிய தீங்குகளைப் பற்றிய ஆராய்ச்சியோடு பிணைக்கப்பட்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்டதைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் நிபந்தனையோடு விலக்கும் கொடுத்திருக்கிறது. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால், தரவை வைத்திருக்கும் நிறுவனம் அதை ஆராய்ச்சியாளருக்குக் காட்டியே தீரவேண்டும் என்று இந்தியச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. எடுத்து ஆராயலாம் என்ற அனுமதி இருந்தும், எடுப்பதற்கு வாசல் இல்லை. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு பல்கலைக்கழகத் துறை, அடுத்த வெள்ளத்தின்போது தமிழில் பரவும் வதந்திகளையும் அபயக்குரல்களையும் பிரித்தறிய விரும்பினால், அதற்கான தமிழறிவும் கணித அறிவும் அங்கே தாராளமாக இருக்கின்றன. சாவிக்கு மட்டும் அது அமெரிக்காவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டும், அந்த விண்ணப்பத்தை மறுப்பதற்குக் காரணம் சொல்லும் கடமைகூட அந்த நிறுவனத்துக்கு நம் சட்டத்தில் இல்லை. ஐரோப்பாவின் 40ஆம் விதிக்கு ஒப்பான ஒரு பிரிவை, தனி மனிதரின் அந்தரங்கத்துக்குத் தக்க காவல்களோடு, நம் பாராளுமன்றம் இயற்ற வேண்டும் என்று பல்கலைக்கழகங்களும் பத்திரிகைகளும் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.